ஷாம்பு ஏன் கெட்டியாக இருக்கிறது?

ஷாம்பு, ஹேண்ட்வாஷ், பாத்திரம் கழுவும் லிக்விட் தயாரிக்கும் இடங்களுக்கெல்லாம் டிரம் டிரம்மாக ஒரு பசை வந்து இறங்கும். சோடியம் லாரெத் சல்ஃபேட், தொழிலில் இருப்பவர்கள் வாயில் எஸ்.எல்.இ.எஸ். அதில் 70 சதவீதம் அழுக்கெடுக்கும் சரக்கு, மீதி தண்ணீர். வழுவழுவென்று இருக்கும், பம்ப் வைத்துத் தள்ளலாம், வாளியில் சரித்துக்கொள்ளலாம். இதில் தண்ணீர் ஊற்றினால் இளகிப்போகும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நடப்பது நேர்மாறு. கொஞ்சம் தண்ணீர் சேர்ந்ததும் பசை இறுகி, கரண்டியை நட்டால் நிற்கிற அளவுக்குக் கட்டியாகிவிடும். விடாமல் ஊற்றி, சரக்கின் அளவு 30 சதவீதத்துக்குக் கீழே வந்த பிறகுதான் சட்டென்று தண்ணீராக ஓடும்.

பாரிமுனைப் பக்கம் கெமிக்கல் கடையில் ஒரு கிலோ பசை வாங்கி வந்து வீட்டிலேயே ஹேண்ட்வாஷ் தயாரித்து விற்கும் பெண்கள் பலருக்கு இந்தக் கட்டி நன்றாகத் தெரியும். எவ்வளவு கிண்டினாலும் கரையாமல், கண்ணாடி போன்ற ஜெல் உருண்டைகளாக மிதந்துகொண்டே இருக்கும். சரக்கு மட்டம் என்று கடைக்காரரைச் சந்தேகப்படுவார்கள். சரக்கில் பெரும்பாலும் கோளாறு இருக்காது. 30 முதல் 60 சதவீதம் வரைக்குமான அந்த இடைவெளியில் மூலக்கூறுகள் வேறு மாதிரி அடுக்கி உட்கார்ந்துகொள்கின்றன, அவ்வளவுதான். இந்த அடுக்கை விளங்கிக்கொண்டால் ஷாம்பு, கண்டிஷனர், பாடிவாஷ் எல்லாவற்றின் கெட்டித்தன்மையும் எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிடும். கெட்டியாக இருந்தால் சத்து அதிகம், நீர்த்திருந்தால் கலப்படம் என்று கடையில் நின்று முடிவு செய்யும் பழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. அந்தப் பழக்கம் எவ்வளவு பிழையானது என்பதும் இதில் வெளிப்படும்.

எஸ்.எல்.இ.எஸ். போல அழுக்கையும் எண்ணெயையும் தண்ணீரோடு சேர்த்து எடுக்கும் பொருளுக்கு சர்ஃபேக்டன்ட் என்று பெயர். அதன் மூலக்கூறுக்குத் தலை ஒன்று, வால் ஒன்று. எஸ்.எல்.இ.எஸ்-ஸின் வால் பெரும்பாலும் 12 கார்பன் நீளம்; தேங்காய் எண்ணெயிலும் செம்பனை விதை எண்ணெயிலும் ஏறக்குறைய பாதியாக இருக்கும் லாரிக் அமிலத்திலிருந்து வருவது. முழுக்க நீட்டினால் 1.7 நானோமீட்டர்தான். இந்த வாலுக்குத் தண்ணீர் ஒத்துவராது. தலையில் எதிர்மின்சுமை உண்டு, அதற்குத் தண்ணீர் வேண்டும். ஆகவே நீரில் இவற்றின் எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டியதும், வால்களை உள்ளே மறைத்து, தலைகளை வெளியே காட்டிக் கூட்டமாகச் சேர்ந்துகொள்கின்றன. அந்தக் கூட்டத்துக்கு மைசெல் என்று பெயர். ஜேம்ஸ் வில்லியம் மக்பெய்ன் என்ற வேதியியலாளர் சோப்புக் கரைசல்களை ஆராய்ந்து 1913 வாக்கில் இந்தக் கருத்தை முன்வைத்தார். சோடியம் லாரில் சல்ஃபேட்டில் ஓர் உருண்டை மைசெல்லுக்குள் சுமார் 60 மூலக்கூறுகள் இருக்கும்.

கூட்டம் எப்போதும் உருண்டையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தலை எவ்வளவு இடத்தை அடைக்கிறது, வால் எவ்வளவு பருமன் என்ற விகிதம்தான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது. இஸ்ரேலாச்விலி, மிட்செல், நின்ஹாம் மூவரும் 1976-இல் இதை ஒரே எண்ணாகச் சுருக்கிக் கொடுத்தார்கள். வாலின் கன அளவை, தலை அடைக்கும் பரப்பாலும் வாலின் நீளத்தாலும் வகுக்க வேண்டும். விடை மூன்றில் ஒன்றுக்குக் கீழே இருந்தால் உருண்டை. மூன்றில் ஒன்றிலிருந்து பாதி வரை நீண்ட உருளை. அதற்கு மேல் ஒன்று வரை தட்டையான இரட்டை அடுக்கு. தலைகள் நெருங்க நெருங்க, உருண்டை உருளையாகவும் உருளை தகடாகவும் மாறும் என்பது இதன் சாரம். இந்தத் துறையில் நான் பார்த்தவற்றில் இவ்வளவு எளிமையாக இவ்வளவு தூரம் விளக்கும் கணக்கு வேறொன்று இல்லை.

இப்போது அந்தப் பசைக்கு வருவோம். 70 சதவீதத்தில் மூலக்கூறுகள் தகடு தகடாக, நடுவே மெல்லிய நீர்ப்படலத்தோடு அடுக்கியிருக்கின்றன. தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், அதனால் பம்ப்பில் ஓடும். தண்ணீர் கூடியதும் தகடுகள் பிரிந்து நீண்ட உருளைகளாகி, அறுகோண ஒழுங்கில் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. உருளைகள் நீளவாக்கில் நகரலாம், பக்கவாட்டில் நகர இடமில்லை. கட்டி பிறப்பது இங்கேதான். இன்னும் நீர் கூடினால் அந்த ஒழுங்கு குலைந்து, தனித்தனி மைசெல்கள் மிதக்கும் கரைசலாகிவிடும். பழைய காலத்துச் சோப்புக் காய்ச்சுபவர்களுக்கும் இது பழகிய தொல்லைதான். காய்ச்சும் கொப்பரையில் நீரளவு ஒரு குறிப்பிட்ட கட்டத்துக்குள் போனால் சோப்பு இறுகிக் கையாள முடியாமல் போகும் என்று அனுபவத்தில் கண்டு, அந்தக் கட்டத்தைத் தவிர்த்து வேலை செய்தார்கள். அந்த இறுகிய நிலையின் அறுகோண அடுக்கை 1950-களில் பிரான்ஸில் லுஸாட்டி குழுவினர் எக்ஸ்ரே கொண்டு கண்டு சொன்னார்கள்.

ஆகவே வீட்டில் செய்பவர்களுக்கு நடைமுறை இதுதான்: பசையில் தண்ணீர் ஊற்றாதீர்கள், தண்ணீரில் பசையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். அப்படிப் போட்டாலும் ஒவ்வொரு உருண்டையின் மேல்புறமும் அறுகோண நிலை வழியாகத்தான் கரைய வேண்டும், நேரம் எடுக்கும். வேகமாக அடித்தால் நுரைதான் மிஞ்சும். இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் மெதுவாகக் கிண்டினால் போதும்.

சரி, கரைந்தாயிற்று. வாளியில் 12 அல்லது 15 சதவீதச் சரக்கு, கூடவே கொஞ்சம் கோகமிடோப்ரொப்பைல் பீட்டெய்ன், அதாவது சி.ஏ.பி.பி. என்ற இன்னொரு சர்ஃபேக்டன்ட். பார்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. இதில் சாதாரண உப்பைப் போட்டதும் கண்ணெதிரே கெட்டியாகும். பாகுத்தன்மை நூறு மடங்கு, சில கலவைகளில் ஆயிரம் மடங்குகூட ஏறும். ஷாம்பு பாட்டிலின் பின்பக்கப் பட்டியலில் சோடியம் குளோரைடு என்று இருப்பது இதற்காகத்தான். எடை கூட்டுவதற்காக உப்பைக் கலக்கிறார்கள் என்று சுற்றும் பேச்சில் உண்மையில்லை. இரண்டு சதவீத உப்பால் எடை என்ன கூடிவிடப்போகிறது?

உப்பு செய்யும் வேலை மின்னியல் சார்ந்தது. மைசெல்லின் மேல்புறத்தில் இருக்கும் தலைகள் எல்லாம் எதிர்மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு விலகி நிற்கின்றன. உப்பிலிருந்து வரும் சோடியம் அயனிகள் இடையில் புகுந்து அந்தத் தள்ளலை மறைத்துவிடும். 2 சதவீத உப்புக் கரைசலில், ஒரு மின்சுமையின் தாக்கம் ஏறக்குறைய அரை நானோமீட்டருக்குள் அடங்கிப்போகிறது. தலைகள் நெருங்கி உட்காரலாம் என்றாகிறது. அதாவது முன்னே சொன்ன விகிதத்தில் தலை அடைக்கும் பரப்பு குறைகிறது, உருண்டை உருளையாக நீள்கிறது. உப்புச் சேர்த்தால் மைசெல் கோலாக நீள்கிறது என்பதை பீட்டர் டிபையும் அனக்கரும் ஒளிச்சிதறல் மூலம் 1951-இல் காட்டினார்கள். பீட்டெய்னின் தலையில் நேர்ச்சுமையும் எதிர்ச்சுமையும் சேர்ந்தே இருப்பதால், அதுவும் இடையில் செருகிக்கொண்டு இந்த நெருக்கத்துக்கு உதவுகிறது. அதனால் உப்பு குறைவாகவே போதும்.

இந்த உருளைகளின் தடிமன் சில நானோமீட்டர்தான். நீளமோ மைக்ரோமீட்டர் வரை போகும். அவ்வளவு நீண்டதும் வளைந்து நெளிந்து ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. இடியாப்பச் சிக்கல் என்று நாம் சொல்வோமே, மூலக்கூறு அளவில் அதேதான். ஆனால் இடியாப்பத்தில் அறுந்த இழை அறுந்ததுதான். இங்கே இழைகள் ஓயாமல் அறுந்து, அறுந்த முனை பக்கத்து இழையோடு சேர்ந்து, மறுபடி அறுந்துகொண்டே இருக்கும். இவற்றை உயிருள்ள பாலிமர், அதாவது உயிருள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறு, என்று பார்த்து, மைக்கேல் கேட்ஸ் 1987-இல் இதற்கான கோட்பாட்டை எழுதினார். இழைகள் அறுந்து சேரும் வேகம், அவை சிக்கலிலிருந்து ஊர்ந்து விடுபடும் வேகத்தைவிட மிக அதிகமாக இருந்தால், மொத்தத் திரவமும் ஒரே ஒரு தளர்வு நேரத்தோடு, அதாவது இழுத்த இழுப்பை மறக்க எடுக்கும் ஒரே கால அளவோடு, நடந்துகொள்ளும் என்பது அதன் முடிவு. ஷாம்புவைக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி வேகமாகச் சுழற்றிவிட்டு நிறுத்திப் பாருங்கள். உள்ளே இருக்கும் காற்றுக்குமிழ்கள் நிற்பதற்கு முன் லேசாகப் பின்னுக்கு இழுபடும். சிக்கிய இழைகளின் மீள்தன்மை அது. கொஞ்ச நேரம் விட்டால் இழைகள் அறுந்து புதிதாகச் சேர்ந்து பழைய இழுவிசையை மறந்துவிடும், திரவம் சாதாரணமாக ஓடும்.

உப்பை மேலும் மேலும் போட்டால் மேலும் மேலும் கெட்டியாகுமா? ஆகாது. வீட்டில் செய்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான். ஓர் உச்சம் வரை ஏறும், அதைத் தாண்டினால் இறங்கும். உச்சத்துக்குப் பிறகு இழைகள் கிளைவிட்டு ஒன்றோடொன்று இணைந்துவிடுகின்றன. இணைந்தால் வலை மாதிரி இன்னும் இறுகத்தானே வேண்டும் என்று தோன்றும். ஆனால் அந்தக் கிளைச் சந்திப்புகள் நிலையானவை இல்லை, இழை நெடுக வழுக்கி நகரக்கூடியவை. அந்த வழுக்கலே சிக்கலைத் தளர்த்திவிடுகிறது. இன்னும் உப்பு போட்டால் கலங்கி, கடைசியில் அடியில் ஒன்று மேலே ஒன்றாகப் பிரிந்துபோகும். தண்ணியாகிவிட்டதே என்று பதறி இன்னும் ஒரு கை உப்பை அள்ளிப் போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. செய்ய வேண்டியது, உப்பில்லாத கரைசலையோ கொஞ்சம் தண்ணீரையோ சேர்த்து, உச்சத்துக்கு இந்தப் பக்கம் இழுத்து வருவது. அதைவிட நல்லது, முதலிலேயே நூறு நூறு கிராமாகச் சில டம்ளர்களில் எடுத்து, அரை அரை சதவீதமாக உப்பைக் கூட்டிப் பார்ப்பது. எந்த டம்ளரில் உச்சம் வருகிறதோ அதற்குச் சற்று முன்பே நிறுத்திக்கொள்ள வேண்டும். வாசனை எண்ணெய் சேர்த்த பிறகுதான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். சில வாசனைப் பொருட்கள் மைசெல்லுக்குள் புகுந்து கெட்டியாக்கும், சில இளக்கிவிடும். வாசனையை மாற்றினால் உச்சமும் இடம் மாறும்.

கெட்டித்தன்மையை வைத்துத் தரத்தை எடை போட முடியாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஒரே அளவு சரக்கு, ஒரே அளவு தண்ணீர், கால் ஸ்பூன் உப்பு கூடக் குறைய. ஒன்று தேன்போல் இழுபடும், இன்னொன்று ஓடும். அழுக்கெடுப்பதில் இரண்டுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இருக்காது.

வெயிலும் குளிரும் இதே இழைகளில்தான் கை வைக்கின்றன. வெப்பம் ஏற ஏற இழைகள் குட்டையாகும், வேகமாக அறுந்து சேரும். பாகுத்தன்மை மளமளவென்று சரியும். ஆய்வகத்தில் பெரும்பாலும் 25 டிகிரியில் அளந்து சரி என்று அனுப்பிய ஷாம்பு, மே மாதச் சென்னையில் 40 டிகிரிக் கடையில் நீர்த்துக் கிடக்கும். அதே பாட்டில் டிசம்பர் ஊட்டியில் வெளியே வர மறுக்கும். வெயில் காலத்தில் நீர்த்திருந்ததைப் பார்த்துப் போலி என்று முடிவு செய்வதற்கு முன், ஒரு நாள் குளிர்ந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம்.

சாஷேவில் சிக்கல் வேறு மாதிரி. கடலூர் சின்னி கிருஷ்ணனும் அவர் குடும்பத்தினரும் ஷாம்புவைச் சின்னப் பொட்டலத்தில் அடைத்து விற்கும் வழியைத் திறந்துவிட்ட பிறகு, 1983-இல் சி.கே. ரங்கநாதன் தொடங்கிய சிக் ஷாம்பு உட்பட, இந்தியாவில் ஷாம்பு வீடு வீடாகப் போனது இந்தப் பொட்டலத்தால்தான். பொட்டலத்தில் அடைக்கும்போது திரவம் சட்டென்று துண்டிக்க வேண்டும். நீண்ட இழைகள் பின்னிய ஷாம்பு நூலாக இழுபடும். அந்த நூல் ஒட்டும் விளிம்பில் விழுந்தால் சீல் சரியாகப் பிடிக்காது, கசியும். ஆகவே எவ்வளவு கெட்டி என்பதோடு, எவ்வளவு இழுபடுகிறது என்பதையும் பார்த்தாக வேண்டும்.

மைசெல் இழைகளால் வரும் கெட்டித்தன்மைக்கு ஒரு பெரிய நல்ல குணம் உண்டு. தலையில் தேய்த்துத் தண்ணீர் ஊற்றியதும் சரக்கும் உப்பும் நீர்த்து, இழைகள் குட்டை மைசெல்களாகக் கலைந்துவிடும். கையில் நிற்கும், தலையில் பரவும், அலசினால் போய்விடும். செம்பருத்தி இலையைக் கசக்கினால் வரும் கொழகொழப்பு நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனது. அது நீர்த்தாலும் சங்கிலி அறுவதில்லை, அதனால் அலச நேரமெடுக்கும். கோந்து வகைகளைக் கொண்டு கெட்டியாக்கிய ஷாம்புவிலும் இந்த வித்தியாசத்தை விரல் உணரும்.

நீர்க்கும்போதே இன்னொன்றும் நடக்கிறது. பல ஷாம்புகளில் பாலிக்வாட்டர்னியம்-10, நேர்ச்சுமை ஏற்றிய குவார் கோந்து போன்ற பாலிமர்கள் சிறிதளவு இருக்கும். பாட்டிலுக்குள் எதிர்ச்சுமை மைசெல்கள் ஏராளமாகச் சூழ்ந்து அவற்றைக் கரைத்தே வைத்திருக்கும். அலசும்போது மைசெல்கள் குறைந்ததும் இரண்டும் சேர்ந்து மெல்லிய ஜெல் துளிகளாகப் பிரிந்து முடியில் படியும். முடியை வழுவழுப்பாக்கச் சேர்க்கும் சிலிக்கோனையும் அவை கூட்டிக்கொண்டு போய் ஒட்டவைக்கும். அலசும் தண்ணீரே வினையைத் தொடங்கி வைக்கிறது. ஷாம்புவில் போட்டதெல்லாம் கழுவித்தானே போகும் என்ற கேள்விக்கு இதுதான் பதில்.

அடுத்து ஒரு சோதனை. இரண்டு பாட்டில் பாடிவாஷை நன்றாகக் குலுக்கி மேசையில் வையுங்கள். ஒன்றில் குமிழ்கள் மெதுவாகவாவது மேலே ஏறும். இன்னொன்றில் வாரக்கணக்கில் அதே இடத்தில் நிற்கும். முதலாவது வெறும் பாகு. எவ்வளவு கெட்டியாக இருந்தாலும், ஓய்வில் விட்டால் இழைகள் அறுந்து வழிவிட்டுக்கொண்டேதான் இருக்கும். இரண்டாவதில் ஒரு குறைந்தபட்ச விசை கொடுத்தால்தான் எதுவும் நகரும். அந்த விசை பெரிதாக இருக்க வேண்டியதில்லை. பாடிவாஷுக்குள் மிதக்கவிடும் ஒரு மில்லிமீட்டர் மணி, சுற்றியுள்ள திரவத்தைவிடப் பத்து சதவீதம் கனமானது என்றால், அதைத் தாங்க ஒரு பாஸ்கலில் (அழுத்தத்தை அளக்கும் அலகு) ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான விசையே போதும். ஆனால் அந்தச் சிறு விசைகூட உப்பு போட்ட இழைகளிடம் கிடையாது.

அதைப் பெற வேறு கட்டமைப்பு வேண்டும். சங்கிலிகள் குறுக்கே கட்டுண்ட கார்போமர் போன்ற பாலிமர்கள் ஒரு வழி, ஆனால் உப்பு பட்டால் சுருங்கிவிடும் என்பதால் ஷாம்புவுக்குச் சாதாரண கார்போமர் ஒத்துவராது. இன்னொரு வழி, சர்ஃபேக்டன்ட்களையே தகடுகளாக்கி, பல அடுக்கு உருண்டைகளாகச் சுருட்டி நெருக்கமாக அடைப்பது. தகடு நிலையில் உள்ள திரவத்தைக் கிண்டும்போதே அது இப்படிச் சுருண்டுகொள்கிறது என்பதை தியா, ரூ, நலே மூவரும் 1993-இல் வெளியிட்டார்கள். கிண்டும் வேகம் கூடினால் உருண்டையின் அளவு குறையும். தொழிற்சாலையில் கலக்கும் யந்திரத்தின் வேகத்தை மாற்றினால் அதே சரக்கு வேறு பொருளாக வெளிவருவதன் காரணம் இது. முத்துபோல் மின்னும் ஷாம்புகளில் மூன்றாவது வழி இருக்கிறது. எத்திலீன் கிளைக்கால் டைஸ்டியரேட்டின் தட்டைப் படிகங்கள் ஒளியைத் தெறிக்க வைக்கும், கூடவே சிலிக்கோன் துளிகள் மேலே மிதந்துவிடாமல் பிடித்தும் வைத்திருக்கும். மினுமினுப்பு அழகுக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் அதிகம்.

கண்டிஷனர் இவை எல்லாவற்றிலும் வியப்பானது. தொட்டால் கெட்டி வெண்ணெய். உள்ளே ஏறத்தாழ 90 சதவீதம் தண்ணீர். சீட்டைல் ஆல்கஹாலும் ஸ்டியரைல் ஆல்கஹாலும் சேர்ந்த செட்டோஸ்டியரைல் மெழுகு நான்கைந்து சதவீதம், நேர்ச்சுமைத் தலை கொண்ட பெஹென்ட்ரைமோனியம் வகை ஒன்று ஒன்றிரண்டு சதவீதம், இதிலேயே முக்கால் வேலை முடிந்துவிடும். பெயரில் ஆல்கஹால் என்று இருந்தாலும் இவை மெழுகுகள், முடியை உலர்த்தும் சாராயம் கிடையாது. சீட்டைல் ஆல்கஹாலைத் திமிங்கிலத்தின் தலையிலிருந்து கிடைத்த மெழுகிலிருந்து ஷெவ்ரோய்ல் 1817-இல் பிரித்தெடுத்தார். இன்று அது செம்பனை, தேங்காய் எண்ணெய்களிலிருந்து வருகிறது.

மெழுகையும் நேர்ச்சுமைப் பொருளையும் 75, 80 டிகிரிச் சூட்டில் தண்ணீரோடு கலக்கி ஆறவிடுகிறார்கள். சூட்டில் தண்ணீராகத்தான் இருக்கும். ஆறும்போது இரண்டும் சேர்ந்து இரட்டைத் தகடுகளாகின்றன. தகடுகளின் மேல் நேர்ச்சுமை இருப்பதால் அவை ஒன்றையொன்று தள்ளி, நடுவே நிறையத் தண்ணீரை இழுத்து அடைத்துக்கொள்கின்றன. கண்டிஷனரின் கெட்டி முழுக்க இந்தச் சிறைப்பட்ட தண்ணீரால் வருவது. இங்கே உப்பு போட்டால் தள்ளல் குறைந்து, பல நேரம் இளகிப்போகும். ஷாம்புவில் கெட்டியாக்கிய அதே உப்புதான்.

கலத்திலிருந்து இறக்கும்போது கண்டிஷனர் எதிர்பார்த்ததைவிட இளக்கமாகவே இருக்கும். தகடுகள் நீரை உள்ளிழுத்து அமைதியடைய ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். அனுபவம் இல்லாதவர்கள் அன்றைக்கே அளந்துவிட்டு மெழுகைக் கூட்டி, மறுநாள் பாட்டிலில் இறங்காத கட்டியைப் பார்த்து விழிப்பார்கள். சீட்டைல் ஆல்கஹாலை மட்டும் தனியாகப் போட்டாலும் சிக்கல் வரும். நாளாக ஆகத் தகடு கலைந்து மெழுகு படிகமாகப் பிரிந்து, பளபளவென்று செதில்களாகித் திரவம் நீர்த்துவிடும். 16 கார்பனும் 18 கார்பனும் கலந்திருந்தால் வால்கள் சீராகப் படிகமாக முடியாமல் தகடு நிலைத்து நிற்கும்.

சல்ஃபேட் இல்லாத ஷாம்பு வேண்டும் என்று கேட்பவர்கள் பெருகிவிட்டார்கள். அதன் விலை ஏன் அதிகம் என்பதற்குச் சரக்கின் விலை ஒரு காரணம், கெட்டியாக்கும் சிரமம் இன்னொன்று. டெசில் குளுக்கோசைடு போன்றவற்றின் தலையில் மின்சுமையே இல்லை. மறைக்கச் சுமை இல்லாதபோது உப்பு என்ன செய்யும்? அதனால் சாந்தன் கோந்தோ, பி.இ.ஜி.-150 டைஸ்டியரேட் போல மைசெல்லுக்கு மைசெல் பாலம் போடும் பொருட்களோ தேவைப்படுகின்றன. கோந்து கூடினால் கொழகொழப்பு, நுரையும் மந்தம். அமினோ அமிலத்திலிருந்து வரும் குளுட்டமேட் வகையில் இன்னொரு வழி இருக்கிறது. அதன் தலையில் இரண்டு கார்பாக்சில் அமிலப் பகுதிகள். சிட்ரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 5-க்கு அருகே கொண்டுவந்தால், தலையின் மின்சுமையில் ஒரு பங்கு அணைந்துவிடும். தலைகள் நெருங்கும், உருண்டை இழையாகும், திரவம் கெட்டிப்படும். உப்பு அங்கே செய்ததை அமிலம் இங்கே செய்கிறது. இடமோ மிகக் குறுகலானது. கொஞ்சம் கூடுதலாக அமிலம் விழுந்தால் குளுட்டமேட் கரையாமல் வெள்ளையாகப் படிந்துவிடும், குறைந்தால் தண்ணீர். இந்த வகை ஷாம்பு செய்யும் இடங்களில் கடைசி அரைமணி நேரம் பி.எச். மீட்டரைவிட்டு யாரும் நகர மாட்டார்கள்.